பழைய பென்ஸ் வாங்கப் போவோர்க்கு



கிழக்கிலங்கையின் கடலோரத்திலே, கல்முனைக்குடியில், ஓர் அரசாங்கப் பாடசாலையின் அதிபராகப் பணியாற்றுகின்றேன். மோட்டார்ப் பொறியியலுக்கும் எனக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. நான் கற்றது கலைத்துறை. அங்ஙனமிருக்க, பழைய டீசல் கார் வாங்குவதைப் பற்றி, அதிலும் பென்ஸ் போன்ற உயர்தரக் கார்களைப் பற்றி, நான் பேச முற்பட்டது ஏன் என்று நீங்கள் வினவக்கூடும். ஓய்வு பெறும் ஆசிரியரின் வீட்டு வாசலில், வாழ்த்துக் கூற வரும் உறவினருக்கு அடுத்தபடியாக வந்து நிற்பவர் கார்த் தரகர் என்பதே அதற்குக் காரணமாகும்.

அறுபதாவது வயதிலே நாம் பதவியை விட்டு இறங்கும்போது, பணிக்கொடை என்னும் பெயரில் அரசாங்கம் ஒரு தொகையை மொத்தமாகத் தருகிறது. வாழ்நாளில் அத்தனை பெரிய தொகையை ஒருசேரக் கண்டிராத ஆசிரியர்கள் அதனைக் கொடை என்றே எண்ணிவிடுகின்றனர். உண்மையிலே அது நமது ஓய்வூதியத்தின் ஒரு பகுதியை முன்கூட்டியே பெற்றுக்கொள்வதாகும். அதன் பொருட்டு, அடுத்த பத்து ஆண்டுகளுக்குக் குறைக்கப்பட்ட ஓய்வூதியமே நமது கைக்கு வரும். ஆகவே, அப்பணத்தைக் கொடுத்து எந்த வண்டியை வாங்கினாலும், வாங்குபவர் தமது எழுபதாவது வயது வரையுள்ள ஒவ்வொரு மாதத்திலும் ஒரு பங்கை வெட்டிக் கொடுத்தே அதனை வாங்குகிறார்.

கார் என்பது ஆடம்பரமன்றோ, அது எதற்கு என்று கேட்போரும் உளர். அவர்கள் எமது பிரதேசத்தின் படத்தை ஒருமுறை பார்த்தல் வேண்டும். புகையிரதப் பாதை மட்டக்களப்போடு நின்றுவிடுகிறது. அதற்குத் தெற்கே மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என நீளும் ஊர்கள் யாவும் தெருவையே நம்பி வாழ்கின்றன. கொழும்பிலே ஒரு வைத்திய நிபுணரைக் காண்பதென்றால் இரவு பஸ்ஸில் ஏறி விடியலில் இறங்க வேண்டும். முழங்கால் வலியுள்ள மனைவியையும் தமது நீரிழிவு நோயையும் உடன் அழைத்துக்கொண்டு அப்பயணத்தைச் செய்து பார்த்தவர், அகன்ற இருக்கையுள்ள ஒரு பெரிய காரை விரும்பினால் அது குற்றமாகாது.

அவ்விருப்பத்தைத் தரகர் நன்கறிவார். அந்நியச் செலாவணி நெருக்கடியினால் 2020 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு அத்தடை நீங்கியது 2025 ஆம் ஆண்டு பெப்ரவரியிலேதான். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் சிறிய ஜப்பானியக் கார்களின் விலை ஏறிய ஏற்றத்தை நாடே கண்டது. அத்தகைய சிறிய காரொன்றின் விலைக்கே, சில வேளைகளில் அதனினும் குறைவாகவே, பழைய பென்ஸ் ஒன்று கிடைக்கிறது. “அந்தக் காசுக்கு அரசன் ஏறும் வண்டியே இருக்கிறது” என்பார் தரகர். அரசன் ஏறிய வண்டி ஆசிரியனின் கைக்கெட்டும் விலைக்கு இறங்கி வந்தது ஏன் என்று, வாங்குபவர் முதலில் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளல் வேண்டும்.

விடை எளிது. வண்டி பழையதாக ஆக அதன் விலை இறங்கும். உதிரிப் பாகங்களின் விலை அவ்விதம் இறங்குவதில்லை. பிரேக் தட்டும், முன்சக்கரத்தைத் தாங்கும் கைகளும், கியர்ப் பெட்டியும் அவ்வண்டியைப் புதிதாக வாங்கிய செல்வந்தரின் பணப்பையை அளவாகக் கொண்டு விலையிடப்பட்டவை. கொழும்பு பஞ்சிகாவத்தையிலே பழைய வண்டிகளிலிருந்து கழற்றிய பாகங்கள் கிடைக்கும் என்பது உண்மையே. ஆனால் அவற்றைத் தேடிக் கல்முனையிலிருந்து போய்வரும் செலவையும், வாங்கிய பாகம் எத்தனை நாள் உழைக்கும் என்ற ஐயத்தையும் கணக்கிற் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இனி டீசலுக்கு வருவோம். எமது பிரதேசம் டீசல் இயந்திரத்தோடு நெடுங்காலம் உறவு பூண்டது. 1949 ஆம் ஆண்டிலே கல்லோயாத் திட்டம் தொடங்கிக் காடுகள் கழனிகளாக மாறியபோது உழவு இயந்திரங்கள் வந்தன. சம்மாந்துறைப் பக்கத்து நெல் ஆலைகளிலும், கடலிலே பெரிய படகுகளிலும் டீசல் எஞ்சின்களே உழைத்தன. அதனால் டீசல் பம்பைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த கைகள் எம்மூர்களில் தலைமுறையாக உண்டு. போகத்திற்குப் போகம் உழவு இயந்திரத்தைத் திருத்தும் மெக்கானிக், பழைய பென்ஸ் காரின் பொனட்டைத் திறந்து பார்த்தால் அங்கே அவருக்கு முற்றிலும் அந்நியமான பொருள் ஒன்றும் இராது. பெற்றோலிலும் டீசல் விலை குறைந்திருந்த நெடுங்காலப் பழக்கத்தோடு இதுவும் சேர்ந்தே டீசல் காரை எம்மவர்க்கு உகந்ததாக்கியது எனலாம்.

அவ்வியந்திரத்தின் தத்துவத்தைச் சிறிது அறிந்துகொண்டால் அதனைச் சோதிக்கும் முறை தானே விளங்கும். ருடோல்ப் டீசல் என்னும் ஜெர்மானியப் பொறியியலாளர் 1897 ஆம் ஆண்டிலே அவுக்ஸ்பேர்க் நகரில் தமது எஞ்சினை வெற்றிகரமாக ஓட்டிக் காட்டினார். பெற்றோல் எஞ்சினிலே தீப்பொறியால் எரிபொருள் பற்றுகிறது. டீசலுக்குத் தீப்பொறி வேண்டுவதில்லை. உருளையினுள்ளே காற்று, தன் கொள்ளளவில் இருபதில் ஒரு பங்காகும்வரை நெருக்கப்படுகிறது. அந்நெருக்கத்தினால் எழும் சூடு 500 பாகை செல்சியசையும் தாண்டும். அவ்வேளையில் பம்ப் எண்ணெயைப் பீச்சுகிறது. எண்ணெய் தானே பற்றிக்கொள்கிறது. 1900 ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியிலே இவ்வகை எஞ்சினொன்று நிலக்கடலை எண்ணெயில் ஓடியதாம்! காற்றை நெருக்கும் வலுவும், எண்ணெயைப் பீச்சும் பம்பும் ஆகிய இவ்விரண்டிலேயே டீசல் எஞ்சினின் உயிர் இருக்கிறது. மற்றவை யாவும் இரண்டாம் பட்சமே.

பென்ஸ் கம்பனியார் 1936 ஆம் ஆண்டிலே 260டி என்னும் டீசல் காரை வெளியிட்டனர். நாற்பது ஆண்டுகளின் பின்னர், 1976 முதல் 1980களின் நடுப்பகுதி வரை, அவர்கள் செய்த 123 என்னும் வரிசையைச் சேர்ந்த 200டி, 240டி, 300டி கார்களையே எம்மவர் ‘பழைய பென்ஸ்’ என்கின்றனர். 1977 ஆம் ஆண்டிலே இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்த பின்னர் இலங்கைக்கு வந்தவற்றுட் சில, ஸ்ரீ எழுத்துத் தாங்கிய இலக்கத் தகடுகளோடு இன்றும் ஓடுகின்றன. அவற்றிலே எண்ணெய் பீச்சுவது முழுவதும் இரும்பினால் நடக்கும் வேலை. மின்னணு மூளை கிடையாது. 1997 ஆம் ஆண்டின் பிற்பகுதியிலிருந்து வந்த டீசல் கார்கள் வேறு இனம். ஒரே குழாயிலே ஆயிரம் பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் எண்ணெயைத் தேக்கி வைத்து, கம்பியூட்டரின் கட்டளைப்படி அணுவணுவாகப் பீச்சும் வகை அது. வேகமும் அதிகம், சத்தமும் குறைவு, எண்ணெய்ச் சிக்கனமும் உண்டு. ஆனால் அழுக்கு எண்ணெயை அது சற்றும் பொறுக்காது; அதற்கு வருத்தம் வந்தால் உழவு இயந்திர மெக்கானிக்கினால் நாடி பிடித்துப் பார்க்கவும் இயலாது. பெயர்ப் பலகையில் இரண்டும் பென்ஸே. வாங்குபவருக்கோ அவை இரு வேறு பொருள்கள்.

டீசல் பென்ஸ் அழிவில்லாதது என்று நிறுவ விரும்புவோர் கிரேக்க நாட்டு டாக்ஸிக்காரர் ஒருவரின் கதையைக் கூறுவர். அது மெய்க் கதையே. தெசலோனிக்கி நகரத்துக் கிரெகோரியோஸ் சகினிடிஸ் என்பவர் 1976 ஆம் ஆண்டு 240டி காரொன்றைப் பழைய வண்டியாகவே வாங்கி, 46 இலட்சம் கிலோமீற்றர் ஓடி, 2004 ஆம் ஆண்டிலே பென்ஸ் அரும்பொருட்காட்சிச்சாலைக்குக் கொடுத்தார். கதையைக் கூறுவோர் ஒன்றை மட்டும் விட்டுவிடுவர். அவர் அதன் எஞ்சினைப் பலமுறை இறக்கி, மாற்று எஞ்சினைப் பூட்டி, இறக்கியதைச் செப்பஞ் செய்து மீண்டும் பூட்டி ஓடியவர். அழியாதிருந்தது இரும்பன்று, அவருடைய பராமரிப்பு.

சென்ற ஆண்டு, என்னோடு பல காலம் படிப்பித்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர், வயதில் மூத்தவராதலால் நான் காக்கா என்று அழைப்பவர், பணிக்கொடை கைக்கு வந்த மாதத்திலே கார் பார்க்கத் துணைக்கு அழைத்தார். நான் ஒரு நிபந்தனை விதித்தேன். உழவு இயந்திரங்கள் திருத்தும் மெக்கானிக் ஒருவரையும் கூலி கொடுத்து அழைத்துச் செல்ல வேண்டும். கூலியை நினைத்து அவர் சற்றுத் தயங்கினார், பின்னர் உடன்பட்டார்.

முதலிற் பார்த்த வண்டி கம்பியூட்டர் வகையைச் சேர்ந்தது. கறுப்பு நிறம், கண்ணாடி போன்ற மினுக்கம், தோல் இருக்கைகள். காக்காவின் முகம் மலர்ந்ததை நான் கண்டேன். மெக்கானிக் ஒன்றும் பேசாமல் பொனட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார். சூடாக இருந்தது. நாங்கள் வருவதற்கு முன்னரே எஞ்சினை ஓடவிட்டுச் சூடாக்கி வைத்திருக்கின்றனர். “நாளைக்கு விடிய வாறோம். அதுவரைக்கும் ஸ்டார்ட் பண்ண வேணாம்” என்று கூறித் திரும்பிவிட்டார். டீசல் எஞ்சினின் நோய்கள் யாவும் குளிர்ந்திருக்கும் வேளையிலே வெளிப்படும். சூடேறிய பின்னர் அவை மறைந்துகொள்ளும்.

மறுநாள் சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு சென்றோம். நெடுநேரம் முக்கி முனகியே அது உயிர் பெற்றது. பின்புறம் வெண்புகை சூழ்ந்து, வெகுநேரம் அடங்கவில்லை. வெண்புகை நின்று நீடித்தால் எண்ணெய் முற்றாக எரியவில்லை என்றோ, குளிர்விக்கும் நீர் உள்ளே கசிகிறது என்றோ பொருள். நீலப்புகையாயின் எஞ்சின் ஒயில் எரிகிறது. கரும்புகையாயின் பீச்சும் முனைகள் பழுதாகியிருக்கலாம் அல்லது காற்று வடிகட்டி அடைபட்டிருக்கலாம். இவற்றை எமக்கு விளக்கிக்கொண்டே அவர் திறப்பை மீண்டும் ஒருமுறை திருப்பி, முகப்பிலுள்ள சிறு விளக்குகளைக் காட்டினார். திறப்பைத் திருப்பியதும் எல்லா விளக்குகளும் ஒருகணம் எரிந்து பின்னரே அணைய வேண்டும். எஞ்சினின் கோளாற்றை அறிவிக்கும் விளக்கு மட்டும் எரியவேயில்லை. கோளாறு இல்லாமையால் அன்று; அவ்விளக்கையே செயலிழக்கச் செய்திருந்தனர். மீற்றர் காட்டிய தூரமோ மிகக் குறைவு. பிரேக் மிதியின் ரப்பரோ தேய்ந்து வழுவழுத்துப் போயிருந்தது. மீற்றரைத் திருப்பியவர் ரப்பரை மாற்ற மறந்துவிட்டார் போலும்!

“சேர், இதுக்கு வருத்தம் வந்தா என்னால பாக்க ஏலாது. கொழும்புக்குத்தான் கட்டி இழுக்கணும்” என்றார் மெக்கானிக். காக்கா அன்று முழுதும் என்னோடு அதிகம் பேசவில்லை.

இரண்டாவது வண்டி நெல் ஆலைக் குடும்பமொன்றின் 240டி. இருக்கை அமுங்கிப் போயிருந்தது. குளிரூட்டி வேலை செய்யவில்லை. ஆனால் இரவு முழுதும் குளிர்ந்து கிடந்த எஞ்சின், முன்சூடாக்கும் விளக்கு அணைந்ததும் ஒரே சுழற்சியில் உயிர் பெற்றது. மெக்கானிக் ஒயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்து, அதனை வாயின் மேலேயே தளர்வாக வைத்தார். எஞ்சினின் உட்சுவர் தேய்ந்திருந்தால், நெருங்கும் காற்று கீழே கசிந்து மூடியைத் துள்ளச் செய்யும். அது மெல்ல நடுங்கியதேயன்றித் துள்ளவில்லை. காசு செலவில்லாத இச்சோதனையை யாவரும் செய்து பார்க்கலாம். ஏற்றத்தில் ஓட்டியபோது கரும்புகை தெரிந்தது. பீச்சும் முனைகளைச் செப்பஞ் செய்தாற் போதும் என்றார்.

பின்னர் விரிப்பை உயர்த்தித் தரையைப் பார்த்தோம். எமது கரையோரத்திலே காரின் முதற் பகை உப்புக் காற்றுத்தான். எஞ்சின் இரண்டு தலைமுறை உழைக்கும். உடல் அதற்கு முன்னரே உதிர்ந்துவிடும். 2004 டிசம்பர் 26 ஆந் திகதி ஆழிப்பேரலையில் எம்மூர் பட்ட பாட்டை நான் இங்கு விரிக்கப் போவதில்லை. அதற்கு முற்பட்ட கரையோர வண்டி எதுவாயினும், அன்று அது எங்கே நின்றது என்று வினவியறிதல் தகும். டிங்கர் வேலை செய்து பட்டி பூசி மறைத்த இடத்தை ஒரு சிறு காந்தம் காட்டிக்கொடுக்கும். இரும்பில் ஒட்டும் காந்தம் பட்டியில் ஒட்டாது. ஆனால் அந்தக் காந்தத்திற்கு அங்கு வேலை இருக்கவில்லை. வண்டியின் சொந்தக்காரர் தாமே குனிந்து, ஜாக்கி வைக்கும் இடத்திற்கு அருகே துருவேறிய பகுதியைக் காட்டி, “இதையும் பாருங்க சேர், பிறகு சொல்லயில்லை எண்டு வரப்படாது” என்றார். குறையை மறைத்து விற்காத அந்த ஒரு சொல்லுக்காகவே அவ்வண்டிக்கு இன்னும் கொஞ்சம் கொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றிற்று. காக்காவோ அத்துருவைக் காட்டியே விலையைக் குறைத்தார்!

விலை படிந்ததும் மெக்கானிக் பம்பைப் பற்றி ஒரு கேள்வி கேட்டார். 2022 இல் எந்த எண்ணெயில் ஓடியது? கேள்வியின் கருத்தை நேயர்கள் அறிவீர்கள். 2021 டிசம்பரில் 121 ரூபாவாக இருந்த டீசல், 2022 ஜூன் இறுதியில் லீற்றர் 460 ரூபாவானது. மண்ணெண்ணெயோ ஆகஸ்டு மாதம் வரையில் 87 ரூபாவிலேயே நின்று, பின்னரே 340 ரூபாவுக்கு ஏற்றப்பட்டது. அந்த இடைவெளியிலே டீசலோடு மண்ணெண்ணெய் கலந்து ஓடிய வண்டிகள் பல. மண்ணெண்ணெய்க்கு வழுவழுப்புக் குறைவு. பம்பும் முனைகளும் அதனால் தேயும். பழைய இரும்புப் பம்ப் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். கம்பியூட்டர் வகை பொறுக்காது. இன்னுமொன்று: அவ்வாண்டு ஜூலையில் வாரப் பங்கீடு வந்தபோது காருக்குக் கிடைத்தது 20 லீற்றர். லீற்றருக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர் ஓடும் 240டி அதனைக் கொண்டு கல்முனையிலிருந்து கொழும்புக்கு ஒருவழிப் பயணத்தையும் முடித்திராது. பெரிய கார் வாங்குவோர் இதனையும் எண்ணிப் பார்த்தல் நன்று.

வேகத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 240டி எஞ்சினின் வலு ஏறக்குறைய 70 குதிரை வலுவே, உடலோ கனத்தது. மகியங்கனையிலிருந்து கண்டிக்கு ஏறும், பதினெட்டு வளைவு என்று பெயர் பெற்ற பாதையிலே, பின்னால் வரும் முச்சக்கர வண்டி ஒலியெழுப்பினாலும் பொறுமையாக இருக்க வேண்டும். பொறுமை ஆசிரியர்களுக்குப் பழக்கமான பண்புதானே!

இறுதியாக வந்தது கடதாசிகளின் வேலை. இதிலேயே பலர் தவறிவிடுகின்றனர். உரிமை மாற்றப் படிவத்திலே பழைய உரிமையாளர் கையொப்பமிட்டு, வாங்குபவரின் பெயரை வெறுமையாக விட்டுக் கைமாறும் வண்டிகள் நாட்டில் ஏராளம். திறந்த கடதாசி என்பர். வண்டி நான்கு கைகள் மாறியிருக்கும். பதிவுப் புத்தகத்திலோ முதலாமவரின் பெயரே நிற்கும். அத்தகைய வண்டிக்கு முழுப் பணத்தையும் கொடுப்பது, உறுதி இல்லாத வளவை வாங்குவதை ஒக்கும். பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் என்னும் இடத்திலே ஏதேனும் நிதிக் கம்பனியின் பெயர் இருந்தால் அதன் கடன் தீர்ந்த கடிதத்தைக் கேட்டு வாங்க வேண்டும். எம்மவரிற் பலர் வட்டியைத் தவிர்க்க வேண்டி இஜாரா முறையில் வண்டி எடுப்பர். அங்கும் தவணை முடியும்வரை வண்டி வங்கியினுடையதே. எஞ்சின் இலக்கத்தையும் அடிச்சட்ட இலக்கத்தையும் புத்தகத்தோடு ஒப்பிடல் வேண்டும். பெற்றோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு ஜப்பானிய டீசல் எஞ்சினைப் பூட்டிய பென்ஸ் கார்களும் உண்டு. புத்தகத்தில் எரிபொருள் இன்னும் பெற்றோல் என்றிருந்தால் தொல்லை வாங்குபவருக்கே. வருடாந்த வருமான அனுமதிப்பத்திரத்துக்கு முன்னர் புகைப் பரிசோதனையில் தேற வேண்டியிருப்பதால், கடைசிப் பரிசோதனைச் சான்றிதழையும் கேட்டுப் பார்க்கலாம்.

நெல் ஆலைக் குடும்பத்தின் 240டி பதிவாகியிருந்தது காலஞ்சென்ற தந்தையாரின் பெயரில். பிள்ளைகள் ஐவர், அவர்களுள் ஒரு மகள் தோஹாவில். ஐவரின் சம்மதமும் எழுத்தில் வந்து, வண்டி முறைப்படி மூத்த மகனின் பெயருக்கு மாறி, அதன் பின்னரே தமது பெயருக்கு எழுதப்பட வேண்டும் என்று காக்கா உறுதியாக நின்றார். தரகர் சலித்துக்கொண்டார், வேறு ஆள் காத்திருப்பதாகவும் கூறிப் பார்த்தார். மூன்று மாதங்கள் சென்றன. அதுவரையில் சிறு முற்பணத்தைத் தவிர ஒரு ரூபாவும் கைமாறவில்லை. பெரும்போக அறுவடை முடிந்து வீதியோரங்களில் நெல் காய்ந்துகொண்டிருந்த ஒரு மாலையிலே வண்டி அவருடைய வாசலுக்கு வந்து சேர்ந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை டிங்கரிடம் போகிறது.